பக்கத்துக்கு எழுநூறு ரூபா

நீதிமன்ற வாசலுக்கு எதிரே, போட்டோக்கொப்பிக் கடைக்குள்
எனக்கொரு மேசை.
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்ற பலகையில்
சத்தியம் மட்டும் வெயிலுக்கு வெளிறிவிட்டது.
ஆங்கிலம் என் சோறு. பிரெஞ்சு
கண்டியில் இரண்டு வருஷம் படித்தது,
மிச்சத்துக்குக் கொன்வென்ற் நூலகத்து இரவல் அகராதி.

கனகாம்பிகை மூதூர் லோஞ்சில் வந்திருந்தா.
பொலித்தீன் பைக்குள் ஆங்கிலத்தில் ஒரு சத்தியக்கடதாசி.
மகன் பாரிசில். வழக்கு பதினாலாந் திகதி.
ஒரேயொரு பக்கம்,
ரிட்டர்ன் என்ற வினை ஒன்பது தரம்.

எழுதின லோயருக்கு அது போதுமாயிருந்திருக்கும்.
ஆள் திரும்பினாலும் அதுதான், ஆட்டைத் திருப்பிக் கொடுத்தாலும் அதுதான்,
டெனிஸ் பந்துக்கும் அதுதான்.

பிரெஞ்சு அப்படி விடாது.
நீ எங்கே நிற்கிறாய் என்று முதலில் கேட்கும்.
நான் நிற்கிற இடத்துக்கே ஒருவன் மறுபடி வந்தால் ரெவனீர்.
விட்டுவந்த இடத்துக்கு இங்கிருந்து போனால் ரெத்தூர்னே.
செருப்பைக் கழற்றி, கால் கழுவி,
சோற்றுப்பானை மூடியைத் திறக்கிற வீட்டுக்கு என்றால் ராந்த்ரே.
எடுத்ததை உடையவர் கையில் வைத்தால் ராந்த்ர்.
நீதவான் தீர்ப்புச் சொல்வதும் அதே ராந்த்ர்,
எப்போதோ எங்களிடம் வாங்கினதைத் தருகிறமாதிரி.
பிடித்து பிளேனில் ஏற்றி விட்டால் அதற்குத் தனிச்சொல்.
அதைப் பென்சிலால் எழுதிப் பார்த்து அழித்தேன்.

"இது நீங்கள் சொல்லுறதா, மகன் சொல்லுறதா?"
"நான்தான். ஊரில நிண்டு சொல்லுறன்."
"சம்பூரிலயா?"
"கிளிவெட்டியில. தங்கச்சி வீட்டில.
காணி இன்னும் விடேல்லை."

ரெவனீர் என்று எழுதப் போன பேனை நின்றது.
வாவென்று சொல்ல
அவவின் காலடியிலும் அவவுடைய மண் இல்லை.

வாசித்துக் காட்டவென்று தமிழெழுத்தில் குறித்தேன்.
'அவன் வீடு வருகிறான்' என்கையில்
ராந்த்ரே வால் உதிர்ந்து ராந்த்ர் ஆகும்.
பிரெஞ்சில் வல்லொலி ஒன்று, மெல்லொலி மற்றது,
எங்களுக்கு இரண்டுக்கும் ஒரே த.
ராந்த்ர். ராந்த்ர்.
மேலும் கீழும் விரல் வைத்துப் பார்த்தா.
"ரெண்டும் ஒண்டெல்லோ?"
"இல்லை. இது பிள்ளை வீட்டை வாறது, இது காணியைத் தாறது."
"அதைத்தானே நானும் சொல்லுறன்."

பிறகு, கடையில் ஆள் இருக்கா என்று பார்த்து,
குரலைத் தாழ்த்தி:
"அந்த வீட்டுச் சொல்லைப் போடாதேங்கோ.
வீடு இருக்கெண்டா போகச் சொல்லிப்போடுவினம்."

வெளியே ஒரு மான்
கழிவுக் கடதாசிப் பெட்டிக்குள் தலையை விட்டு
யாருடையதோ பிறப்புச் சான்றிதழை மென்றுகொண்டிருந்தது.
இந்த நகரத்தில் அதை யாரும் கலைப்பதில்லை.

மகன் வரும் இடம் ஏழிலும் ரெத்தூர்னே போட்டேன்.
பஸ் டிக்கெற் மாதிரி, சூடில்லாத சொல்.
காணி வரும் இரண்டிலும் ராந்த்ர்.
ரெவனீர் எங்குமில்லை.
முத்திரை குத்தும்போது
ஒரு தாயின் வாயிலிருந்து ஒரு வினையைக் களவெடுத்த கை
கொஞ்சம் நடுங்கியது,
முத்திரையில் என் பெயரின் ஓரம் கலங்கிப்போனது.

ஆயிரம் ரூபாத் தாள் தந்தா. என்னிடம் சில்லறை இல்லை,
கொப்பிக்கார ரிஸ்வியிடமும் இல்லை.
"லோஞ்ச் போயிரும். மிச்சத்தைப் பிறகு வாங்குறன்."

பதினாலு போய் அடுத்த பதினாலும் போய்விட்டது.
முந்நூறு ரூபா அகராதிக்குள், அந்தப் பக்கத்திலேயே.
நூலகத்திலிருந்து இரண்டாம் நினைவூட்டல் வந்திருக்கிறது,
ஆங்கிலத்தில், அதே வினையோடு.
மிச்சக் காசைக் கொடுப்பதற்கும், இரவல் புத்தகத்தைக் கொடுப்பதற்கும்
பிரெஞ்சில் ஒரே சொல்.
எதை முதலில் என்று யோசித்தபடி
லோஞ்ச் வரும் நேரங்களில்
கதிரையைத் தெருப்பக்கம் திருப்பிப் போடுகிறேன்.